பையனுக்கு எத்தனை நட்சத்திரம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பள்ளிக் கால்பந்து (ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்கக் கால்பந்து) ஆடும் பையன்களுக்கு இணையதளங்கள் 5 வரை தரும் நட்சத்திர மதிப்பீடு வெறும் ஏமாற்று வேலை என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் ஹூஸ்டன் பக்கத்தில் இருக்கிறேன், என் மகனும் பள்ளி அணியில் ஆடுகிறான், அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கட்டுரை அதற்கு உதாரணமாக ஜோஷ் ஆலன் என்ற வீரரைக் காட்டுகிறது. உண்மைதான், கலிஃபோர்னியாவில் ஒரு சின்ன விவசாய ஊர்ப் பையன், பள்ளி முடித்தபோது ஒரு பெரிய பல்கலைக்கழகமும் கூப்பிடவில்லை, ரீட்லி என்ற இரண்டு வருடக் கல்லூரியில் சேர்ந்து, அப்புறம் வயோமிங் போய், 2018 டிராஃப்டில், அதாவது என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வில், 7ஆவது ஆளாகப் போனார். 2024 சீசனில் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். எங்கள் ஊர் என்.எஃப்.எல். அணியில் ஆடிய ஜே.ஜே. வாட் பள்ளியில் வெறும் 2 நட்சத்திரம், பிறகு 3 முறை ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர். எல்லாம் சரி. ஆனால் மொத்தத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா? 5 நட்சத்திரம் வாங்குவது வருடத்துக்குச் சுமார் 30 பேர், அதில் ஏறக்குறைய பாதிப் பேரை என்.எஃப்.எல். அணிகள் டிராஃப்டில் எடுத்துக்கொள்கின்றன. 3 நட்சத்திரக்காரர்கள் ஆயிரத்துக்கும் மேல், அதில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூடத் தேறுவதில்லை. கூட்டம் அவ்வளவு பெரிது என்பதால்தான் என்.எஃப்.எல். அணிகளில் 3 நட்சத்திரக்காரர்கள் நிறைய தெரிகிறார்கள். கும்பலாகப் பார்த்தால் மதிப்பீடு நன்றாகவே வேலை செய்கிறது.

தனி ஒரு பையனிடம் வரும்போதுதான் அது தடுமாறுகிறது. 2009இல் இந்த நட்சத்திரங்களைப் போடும் ரைவல்ஸ் இணையதளம் நாட்டிலேயே முதலிடம் கொடுத்த பிரைஸ் பிரவுன், 2012 டிராஃப்டில் கடைசிச் சுற்றான 7ஆவது சுற்றில்தான் போனார். 17 வயதில் உடம்பே இன்னும் முழுசாக வளர்ந்திருக்காது, அதைப் பார்த்து 22 வயதில் எப்படி இருப்பான் என்று யார் சொல்ல முடியும்? இன்னொன்றும் இருக்கிறது. அலபாமா மாதிரி கால்பந்தில் பேர்போன ஒரு பல்கலைக்கழகம் ஒரு பையனைக் கூப்பிட்டதும் அவன் நட்சத்திரம் ஏறிவிடுவது உண்டு. அந்தப் பயிற்சியாளர்களுக்குக் கண் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அப்போது மதிப்பீட்டுக்காரர் தானாக என்ன கண்டுபிடித்தார்? யாரும் வந்து பார்க்காத ஊரில் ஆடுகிறவனுக்கு அந்த வாய்ப்பும் கிடையாது.

போன அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்து வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்தால், என் மகனின் நண்பன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். மதிப்பீட்டுத் தளத்தில் அவனுக்கான பக்கத்தில் உயரமும் எடையும் போட்டிருந்தன, நட்சத்திரம் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. "இன்னும் போடல அங்கிள்" என்றான். அன்றைக்கு இரண்டு டச் டவுன் போட்டிருந்தான், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் அம்மா கொண்டுவந்த சாப்பாட்டு டப்பா திறக்காமல் அப்படியே பக்கத்தில் இருந்தது.

"நட்சத்திரம் பொய்" என்று நீங்கள் எழுதினால் அவனுக்கு அது ஆறுதல் இல்லை, ஏனென்றால் அது பொய் இல்லை என்று அவனுக்கே தெரியும். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது ஆலன் கதையோடு இந்தக் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள். அந்தப் பையன் ஆகஸ்டில் ஒரு இரண்டு வருடக் கல்லூரியில் சேரப்போகிறான், அங்கேயும் ஆடுவேன் என்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஷுகர்லேண்ட், டெக்சஸ்