பின்சீட்டுக்காரனின் மடல்

பேட்டில்ஃபீல்ட் ஸ்டுடியோஸ் என்ற ஒரே பெயரின் கீழ் வேலை பார்க்கும் ஸ்டாக்ஹோம் டைஸ், கில்ட்ஃபோர்ட் கிரைட்டீரியன், மான்ட்ரியல் மோட்டிவ், லாஸ் ஏஞ்சலஸ் ரிப்பிள் எஃபெக்ட் ஆகிய நான்கு ஸ்டுடியோக்காரர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் கேமைத் திட்டித் தீர்க்க உட்கார்ந்தவன் இல்லை நான். உங்கள் போர் வீடியோ கேம் பேட்டில்ஃபீல்ட் 6 வெளிவந்த 2025 அக்டோபர் 10-ஐ ஒட்டிய வாரத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு முன்னால் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. மறுநாள் ஆபீசில் கண் எரிந்தது. அந்த எரிச்சலுக்கு நீங்கள்தான் காரணம். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ராத்திரிகளில் ஒன்றைச் சொல்கிறேன். கெய்ரோ மேப், அதாவது கெய்ரோ தெருக்களில் அமைந்த போர்க்களம். எங்கள் ஸ்குவாட்டில் ஒருவர் தெரு நடுவில் அடிபட்டுக் கிடந்தார். நான் சப்போர்ட் கிளாஸ், அடிபட்டவர்களுக்கு உதவும் ஆள். ஓடிப்போய் அவரைத் தரதரவென்று இழுத்து ஒரு சுவருக்குப் பின்னால் கொண்டுவந்தேன். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் எதிரி டாங்கி ஒரே குண்டில் அந்தச் சுவரைக் காணாமல் ஆக்கிவிட்டது. இருவரும் நடுத்தெருவில் நிற்பதுபோல் ஆயிற்று. எங்கிருந்தோ, யாரென்றே தெரியாத ஒரு ஆட்டக்காரர் எங்களுக்கு முன்னால் புகைக்குண்டு வீசினார். தப்பித்தோம். மொத்தமும் பதினைந்து வினாடி இருக்கும். அவர் பெயரைக்கூட நான் பார்க்கவில்லை.

சரி, பலர் ஆன்லைனில் மோதும் மல்டிபிளேயரை இத்தனை நன்றாகச் செய்திருக்கிறார்களே, கதையையும் பார்த்துவிடலாம் என்று அடுத்த சனிக்கிழமை மத்தியானம் தனியாக ஆடும் கேம்பெய்னைத் திறந்தேன். டேகர் 13 ஸ்குவாட், எதிரில் பாக்ஸ் அர்மாட்டா என்ற தனியார் படை. கெய்ரோவும் ஜிப்ரால்டரும் புரூக்ளினும் தஜிகிஸ்தானும் இங்கேயும் வருகின்றன. ஊர் அதே ஊர்தான், ஆனால் அங்கே நான் வேறு ஆளாகிவிட்டேன். முன்னால் போகிறவன் “வா” என்றால் போக வேண்டும், அவன் கதவைத் திறக்கும் வரை கதவு திறக்காது. சுவர் எப்போது இடியும் என்பதைக் கதை முடிவு செய்கிறது. ஆன்லைனில் தெருவையே தரைமட்டம் ஆக்கிய கைக்கு இங்கே ஒரு தாழ்ப்பாளைத் தள்ள அனுமதி இல்லை. ஒன்பது மிஷன். முடித்தேன். மூன்று வாரம் கழித்து நண்பர் ஒருவர் “கதை என்ன?” என்று கேட்டபோது, டேகரில் இருந்த நால்வரில் ஒருவர் பெயர்கூட எனக்குச் சட்டென்று வரவில்லை. அந்தப் புகைக்குண்டுக்காரரை மட்டும் இன்னும் மறக்கவில்லை.

இது இன்று வந்த நோய் இல்லை என்பதால்தான் மடல் எழுதும் அளவுக்கு வந்தேன். 2011-இல் பேட்டில்ஃபீல்ட் 3 வந்தபோது எங்கள் வீட்டு நெட் ஆன்லைன் ஆட்டத்தைத் தாங்காது. டிஸ்க்கில் இருந்த கதைதான் எனக்கு மொத்த கேமும். அதில் போர் விமானம் வரும் மிஷன் ஒன்று உண்டு, ஞாபகம் இருக்கிறதா? விமானந்தாங்கிக் கப்பல், மழை, நனைந்த ஓடுதளம். கண்ணாடிக் கூரை மூடுகிறது, தலையைத் திருப்பி இறக்கைகளின் மடிப்புகள் அசைகின்றனவா என்று சரிபார்க்கிறோம், என்ஜின் இரைச்சல் ஹெட்ஃபோனை நிரப்புகிறது. நான் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன். விமானம் எழும்பியது. அப்புறம்தான் புரிந்தது, நான் உட்கார்ந்திருப்பது பின்சீட்டில். ஓட்டுகிறவர் வேறு ஆள். எனக்குக் கொடுத்த வேலை ஏவுகணையைக் குறி பார்ப்பதும், கீழே தெரியும் கட்டடங்களைச் சுட்டிக்காட்டுவதும்.

பிற்பாடு நெட் சரியாகி ஆன்லைனுக்குப் போனேன். அங்கே அதே மாதிரி விமானத்தை ஓடுதளத்தில் சும்மா நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். யார் வேண்டுமானாலும் ஏறலாம், முன்சீட்டில். முதல் நாலு தடவை எழும்பியவுடன் மலையில் மோதினேன். ஐந்தாவது தடவை காஸ்பியன் பார்டர் என்ற மேப்பின் அந்தப் பெரிய கோபுரத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தேன். யாரையும் சுடவில்லை, யாரும் என்னைப் பாராட்டவும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு வீட்டில் என் முகத்தைப் பார்த்து “என்ன, லாட்டரி விழுந்ததா?” என்று கேட்டார்கள்.

ஒரே டிஸ்க்கில் ஒரே ஆட்டக்காரனுக்கு ஒரு பக்கம் முன்சீட்டையும் இன்னொரு பக்கம் பின்சீட்டையும் கொடுத்தது நீங்கள்தான். கதை குட்டை, வில்லன் சப்பை, வசனம் பழசு என்றெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். தனியாக ஆடுகிறவன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்க ஏன் இத்தனை பயம் என்பதுதான் என் கேள்வி. அதே பேட்டில்ஃபீல்ட் 3-இல் குழாய்க்குள் தவழ்ந்து போகும்போது ஒரு எலி வரும். திரையில் காட்டும் பட்டனைச் சரியான நேரத்தில் அழுத்தி அந்த எலியைக் குத்த வேண்டும். அறுபத்து நாலு பேர் மோதும் யுத்தத்தைச் செய்தவர்கள், எனக்கு வைத்த சண்டை ஒரு எலியோடு! இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

உங்களுக்குத் தெரியாத வித்தை என்றால் விட்டுவிடலாம். தெரியும், செய்தும் காட்டியிருக்கிறீர்கள். 2008-இல் பேட் கம்பெனி. நாலு உதவாக்கரைச் சிப்பாய்கள், அவர்கள் கண்ணில் பட்ட தங்கக்கட்டிகள், அதைத் துரத்தி அவர்களில் ஒருவனான ஹாக்கார்ட் எல்லை தாண்டி இன்னொரு நாட்டுக்குள்ளேயே ஓடிவிடுவான். உலகைக் காப்பாற்றும் பொறுப்பு யாருக்கும் இல்லை. மேப் அகலமாகக் கிடக்கும். வண்டியில் போவதா, நடந்து போவதா, வீட்டுக்குள் வாசல் வழியாக நுழைவதா, சுவரைப் பிளந்து நுழைவதா என்பது நம் இஷ்டம். மல்டிபிளேயரில் என்ன செய்தோமோ அதைத்தான் கதையிலும் செய்தோம். கூடப் பேச மூன்று பேர் இருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இத்தனை வருஷம் ஆகியும் அந்த நால்வரின் பெயரும் எனக்குத் தெரியும்: மார்லோ, ரெட்ஃபோர்ட், ஸ்வீட்வாட்டர், ஹாக்கார்ட்.

2016-இல் பேட்டில்ஃபீல்ட் 1. தொடக்கத்திலேயே, நீங்கள் பிழைப்பீர்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்று எழுதிக் காட்டினீர்கள். ஆடினேன், செத்தேன். திரையில் ஒரு பெயர், பிறந்த வருஷம், 1918. அடுத்த நொடி வேறொரு சிப்பாயின் கண் வழியாக அதே போர்க்களம். மறுபடி செத்தேன், மறுபடி ஒரு பெயர். யோசித்துப் பாருங்கள், செத்தால் வேறு இடத்தில் எழும்பி ஆட்டத்தைத் தொடர்வது மல்டிபிளேயரில் நாங்கள் நிமிஷத்துக்கு ஒரு தடவை செய்கிற வேலை. அந்தச் சாதாரண விதியோடு ஒரு பெயரையும் வருஷத்தையும் சேர்த்தீர்கள், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கதைக்கும் ஆட்டத்துக்கும் இடையில் நீங்கள் போட்ட ஒரே பாலம் அது என்றுகூடச் சொல்வேன். அதன்பின் வந்த தனித்தனிக் கதைகள் பரவாயில்லை ரகம்.

அதே அக்டோபரில், பேட்டில்ஃபீல்ட் 1 வந்து ஒரே வாரத்தில், உங்கள் பதிப்பாளரே டைட்டன்ஃபால் 2-ஐயும் வெளியிட்டார். ரெஸ்பான் ஸ்டுடியோ செய்தது. முதல் டைட்டன்ஃபாலில் தனி ஆள் கதை என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் ஆன்லைன். இரண்டாவதில் என்ன செய்தார்கள்? கதையை முதலில் எழுதி அதற்குள் சண்டையைச் செருகவில்லை. குழுவில் இருந்தவர்களைச் சின்னச் சின்ன விளையாட்டுத் துண்டுகளாகச் செய்துபார்க்கச் சொல்லி, அவற்றில் தேறியதை வைத்துக் கதை கட்டினார்கள். சுவரில் ஓடுவது, எகிறுவது, ராட்சத இயந்திரத்துக்குள் ஏறுவது என்று ஆன்லைனில் கை பழகிய எல்லாம் கதையிலும் அப்படியே வரும். ஒரு மிஷனில் பட்டனைத் தட்டினால் இடிந்துகிடக்கும் ஆய்வுக்கூடம் பல வருஷத்துக்கு முன்னால் இருந்த பளபளப்பான கூடமாகும், இன்னொரு தட்டில் திரும்பவும் இடிபாடு. அந்தரத்தில் தாவிக்கொண்டே காலத்தை மாற்றிச் சுவரைப் பிடிக்க வேண்டும். முழுக்கதையும் ஆறு மணி நேரம் வந்தால் அதிகம். குட்டை என்று யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் சமையல் குறிப்பை வாங்கிப் பார்ப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லையே.

நடுவில் ஒருமுறை எல்லாவற்றையும் கைவிட்டும் பார்த்தீர்கள். 2021-இல் பேட்டில்ஃபீல்ட் 2042, கதையே இல்லாமல், ஒரு போட்டியில் 128 பேர். அது நேர்மையான முடிவு என்றுதான் அப்போது நினைத்தேன். இஷ்டமில்லாமல் சமைத்துப் போடுவதைவிட இலையில் வைக்காமலே விடுவது மேல். அதே வருஷம் பேட்டில்ஃபீல்டின் கதைக்கென்றே சியாட்டில் பக்கம் ஒரு ஸ்டுடியோ தொடங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. ரிட்ஜ்லைன் என்று பெயர் வைத்தார்கள், ஹேலோ கேம்களில் வேலை பார்த்த மார்கஸ் லேட்டோ தலைமை. 2024 பிப்ரவரியில் அதை மூடிவிட்டார்கள். பேட்டில்ஃபீல்ட் 6-இன் கதை கிரைட்டீரியன் கைக்குப் போனது. பாதி வேலையில் கை மாறிய பண்டம் எப்படி வரும் என்பது கட்டட வேலை பார்த்த எவருக்கும் தெரியும். அதனால் அங்கே ராப்பகலாக உழைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேம் வெளிவந்த முதல் மூன்று நாளில் 70 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதாக அறிவித்தார்கள். அப்புறம் கதையைப் பற்றி மேலிடத்தில் யார் கேட்கப் போகிறார் என்ற கவலைதான் எனக்கு.

கதை வேண்டாம் என்பவர்கள் எப்போதும் ஒன்று சொல்வார்கள்: “பேட்டில்ஃபீல்ட் வாங்குகிறவன் ஆன்லைனுக்குத்தான் வாங்குகிறான்.” உண்மைதான், நானே அந்தக் கட்சி. ஆனால் ஆன்லைனுக்கு ஆயுசு உண்டு. பேட் கம்பெனி இரண்டு பாகங்களும், அவற்றோடு பேட்டில்ஃபீல்ட் 1943-உம் 2023 ஏப்ரலில் கடையிலிருந்து எடுக்கப்பட்டன. அந்த டிசம்பர் 8-ஆம் தேதி சர்வர்களும் நின்றன. இதில் 1943 இருக்கிறதே, அது 2009-இல் வந்த முழு மல்டிபிளேயர் கேம். பசிபிக் தீவுகள், நீலக் கடல், மேலே விமானச் சண்டை. காசு கொடுத்து வாங்கியவர் இன்று அதைத் திறந்தால் ஆட ஆள் இல்லை, சர்வரும் இல்லை. பேட் கம்பெனி டிஸ்க் வைத்திருப்பவரோ இன்றைக்கும் பழைய கன்சோல் பெட்டியில் போட்டு ஹாக்கார்ட் தங்கத்துக்குப் பின்னால் ஓடுவதைப் பார்க்கலாம். பழைய கன்சோல்களில் பேட்டில்ஃபீல்ட் 3, 4, ஹார்ட்லைன் மூன்றின் ஆன்லைனும் 2024 நவம்பரில் நின்றுபோனது. காஸ்பியன் பார்டரில் வட்டமடித்த அந்த முன்சீடு அந்தப் பெட்டிகளில் இனி இல்லை. மிச்சம் இருப்பது பின்சீட்டும் எலியும்தான்.

கடைசியில் ஆட்டக்காரன் கையில் தங்கப்போகிற பகுதியை இத்தனை அலட்சியமாகச் செய்யலாமா?

பெரிய கதாசிரியரைக் கூப்பிடுங்கள், ஹாலிவுட் நடிகரைப் போடுங்கள் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. கட்டடம் சரியும் காட்சியைக் காட்டுவதற்குப் பதில், எந்தத் தூணை உடைத்தால் சரியும் என்று என்னைத் தேடவிடுங்கள். இழுத்துக் காப்பாற்றும் அந்த அருமையான ஏற்பாட்டைக் கதையின் நடுவில் வையுங்கள். யாரை முதலில் இழுப்பது என்று நான் தடுமாறட்டும். நான் தாமதித்தால் ஒருவன் போய்விடட்டும், அடுத்த மிஷனில் அவன் இடம் காலியாக இருக்கட்டும்.

அதுவும் கஷ்டம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது, நீங்களே போட்ட வழி. 2002-இல் வந்த பேட்டில்ஃபீல்ட் 1942-இல் தனி ஆள் ஆட்டம் என்பது அதே மல்டிபிளேயர் மேப்களில் பாட்களோடு, அதாவது கம்ப்யூட்டரே ஆட்டிவைக்கும் சிப்பாய்களோடு, மோதுவதுதான். பாட்கள் ஒன்றும் மகா புத்திசாலிகள் இல்லை. டாங்கியை மரத்தில் முட்டிவிட்டு யோசித்துக்கொண்டே நிற்கும். ஆனாலும் நெட் இல்லாத வீட்டில் இன்றைக்கும் அது ஓடுகிறது. பேட்டில்ஃபீல்ட் 2042-இல் பாட்களோடு தனியாக ஆட வழி வைத்தீர்கள், ஆனால் அதற்கும் சர்வரோடு இணைந்திருக்க வேண்டும். தனியாக ஆடுகிறவனுக்கு எதற்கு சர்வர்? மேப்களையும் பாட்களையும் நெட் கேட்காமல் ஓடும்படி எங்கள் பெட்டியிலேயே இறக்கித் தாருங்கள். பிங் ஏறி, அதாவது நெட் தாமதமாகி, ஆட்டம் குதறுகிற ராத்திரிகளில் நாங்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருப்போம். இதற்கு ஒரு வரி வசனம்கூட எழுத வேண்டியதில்லை.

கதைதான் தருவோம் என்றால் அதுவும் சரி. அடுத்த கேமில் விமானம் வந்தால், தயவுசெய்து முன்சீட்டைக் கொடுங்கள். நாலு தடவை மலையில் மோதிக்கொள்கிறேன், பரவாயில்லை.

இப்படிக்கு,
ஸ்குவாட்டில் எப்போதும் சப்போர்ட் கிளாஸில் வரும் ஒருவன்