நாற்றங்காலில் ஓர் ஆள் வேலை

அன்புள்ள மேஸ்திரி அண்ணனுக்கு,

வணக்கம். தம்பிக்கு எஸ்டேட்டில் வேலை கேட்டதற்கு, "பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் பேசப் போய்விட்டீர்கள். மறுக்கச் சங்கடப்பட்டீர்கள் என்பது புரிந்தது. சேர்வராயன் மலையில் உங்களைப் போல இன்னும் பத்து மேஸ்திரிகள் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். தம்பியிடம் கேட்டேன். "எழுதிக்கொள், என் பெயர் மட்டும் வேண்டாம்" என்றான்.

அவனுக்கு வந்திருப்பது மனச்சிதைவு நோய். யாரும் பேசாதபோது காதில் குரல் கேட்கும். எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாகத் தோன்றும். பெரும்பாலும் இளவயதில், கல்யாணத்துக்கும் வேலைக்கும் வழி பார்க்கிற நேரத்தில்தான் வந்து நிற்கும். செய்வினையாலோ வளர்ப்புக் கோளாறாலோ வருவதில்லை. நீங்கள் சொன்னபடியே குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கினோம். அம்மாவுக்கு மனம் ஆறியது, அதை நான் குறையாக நினைக்கவில்லை. குரல்கள் அடங்கியது ஊசிக்குப் பிறகுதான்.

எண்ணெயில் கரைத்த மருந்து அது. தசையில் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஏறக்குறைய ஒரு மாதம் வேலை செய்யும். அதற்காகத்தான் அவன் மாதம் ஒரு நாள் சேலத்துக்கு இறங்குகிறான். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, ஊசி போட்டுக்கொண்டு மலையேறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்; அன்றைய கூலியும் போய்விடும். துணைக்கு அம்மாவும் போனால் இரண்டு பேர் கூலி. "மருந்தைப் பாதியில் விட்டுவிட்டான்" என்று ஊர் யாரையாவது சொல்லும்போது, எனக்கு இந்தக் கணக்குதான் முதலில் நினைவுக்கு வரும். 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் கடுமையான மனநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய நால்வரில் மூவருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை.

உங்கள் பயம் வேறு என்பது தெரியும். திடீரென்று யாரையாவது அடித்துவிட்டால்? இந்த நோய் உள்ளவர்களில் அடிப்பவர்களைவிட அடிபடுகிறவர்கள்தான் அதிகம். ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். கட்டிப்போட்டவர்கள் எல்லோரும் மனநலம் உள்ளவர்கள்தான். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்கிறது. சட்டத்தைக் காட்டி உங்களை மிரட்ட வரவில்லை அண்ணா, கோபத்தில் எழுதிவிட்டேன்.

இனி வேலை விஷயத்துக்கு வருகிறேன். மிளகு பறிக்க அவனை ஏணியில் ஏற்ற வேண்டாம். மருந்தால் கை லேசாக நடுங்கும், காலையில் மந்தமாக இருக்கும். காப்பிப் பழத்தின் தோலுரிக்கும் இயந்திரத்தின் பக்கமும் வேண்டாம். காப்பி நாற்றங்காலில் பை நிரப்ப விடுங்கள். நிழல், எட்டும் தூரத்தில் தண்ணீர், சத்தம் கிடையாது. வீட்டுக் கொல்லையில் செய்து பார்த்தோம். காட்டுமண், தொழு உரம், மணல் மூன்றையும் சலித்துக் கலந்து, பையில் போட்டு, அடியை இரண்டு தட்டுத் தட்டி, வரிசை கோணாமல் அடுக்குகிறான். வாய்க்குள் எண்ணிக்கொண்டே செய்கிறான். எண்ணும்போது மிச்சமிருக்கும் குரலும் தள்ளிப் போகிறதாம்.

ஊசி குரலைத்தான் அடக்கும். மனிதர்களோடு பழகும் வழக்கத்தை அது திருப்பித் தராது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய இடங்களில் 282 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடுவீடாக அனுப்பினார்கள். மருந்தை நினைவுபடுத்துவது, குடும்பத்தோடு பேசுவது, வேலைக்கும் உதவித்தொகைக்கும் வழிகாட்டுவது, இவைதான் அவர்கள் செய்தது. மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் ஓராண்டில் ஓரளவு கூடுதலாகத் தேறினார்கள். பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஓரளவில்தான் ஒருவன் காலையில் எழுந்து வேலைக்குக் கிளம்புவதும் வரும். அந்த வேலையை மலையில் கொடுக்கக்கூடியவர் நீங்கள், மருத்துவர் அல்ல.

அவன் தூங்கவில்லை என்றோ, சாப்பாட்டுப் பொட்டலத்தைச் சந்தேகப்பட்டு ஒதுக்குகிறான் என்றோ தெரிந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். நான் கிடைக்காவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். குரல் பற்றி அவன் சொன்னால் வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். பையன்கள் கேலி செய்தால் உங்கள் ஓர் அதட்டல் போதும்.

ஊசி போடும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுவான்; அன்றைக்கு மட்டும் விடுப்பு வேண்டும், கூலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற நாள் கூலியை அவன் கையிலேயே கொடுங்கள். அம்மாவிடமும் வேண்டாம், என்னிடமும் வேண்டாம்.

இப்படிக்கு,
அவன் அக்கா