அது சகஜமுங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூகுளும் அமேசானும் மல்லுக்கட்டிய கதையைச் சென்ற இதழில் படித்தேன். 2015இல், டிவியில் செருகி வீடியோ பார்க்கும் கூகுளின் குரோம்காஸ்ட் கருவியை விற்பதை அமேசான் நிறுத்தியது, 2017இல் அமேசானின் திரை வைத்த ஸ்பீக்கரான எக்கோ ஷோவிலிருந்து யூடியூபைக் கூகுள் பிடுங்கியது, எல்லாம் சரிதான். கடைசியில் ‘தடுத்தவனைத் திருப்பித் தடுப்பது வியாபாரத்தில் சகஜம்’ என்று எழுதினீர்கள் பாருங்கள், அதோடு எனக்குச் சோறு இறங்கவில்லை.

காசு கொடுத்துப் பெட்டி வாங்கியவன் யாரைத் தடுத்தான்? அமேசானின் டிவி பெட்டியான ஃபயர் டிவியிலிருந்தும் யூடியூபை எடுத்தார்கள், அது திரும்பியதே 2019இல்தான். இரண்டு கம்பெனியும் ராசியாகும் வரை காத்துக்கிடந்தது அவன்தானே?

கோபியில் எங்கள் வீதியிலும் இந்தச் ‘சகஜம்’ நடந்தது. புதிதாக வந்த இன்டர்நெட்காரரின் ஒயரைத் தன் கம்பத்தில் கட்டக்கூடாது என்றார் எங்களுக்கு நெட் தரும் பழைய கேபிள்காரர். புதியவர் ராத்திரியோடு ராத்திரியாகக் கேபிள்காரரின் ஒயரை நறுக்கிவிட்டார். விடிந்து பார்த்தால் வாசல் வேப்பமரத்தில் கறுப்பு ஒயர் தொங்குகிறது, நுனியில் தலைமுடி போல ஒரு கண்ணாடி இழை. பேத்திக்கு அன்று ஆன்லைன் பரீட்சை. “அப்பச்சி, நெட்டு வல்லீங்” என்று அழுகிறாள். கேட்கப் போனால், “அவியதானுங்க மொதல்ல தடுத்தது” என்கிறார் வெட்டியவர். இருக்கட்டும், என் பேத்தி என்ன தடுத்தாள்? மூன்று மாத முன்பணத்தில் எனக்கு ஒரு ரூபாய் திரும்பவில்லை.

பதிலடியே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2015 ஏப்ரலில், செயலிக் கம்பெனி காசு கட்டினால் அந்தச் செயலிக்கு மட்டும் டேட்டா இலவசம் என்ற ஏர்டெல் ஜீரோ திட்டத்தில் சேரப் பேசிக்கொண்டிருந்த ஃபிளிப்கார்ட்டின் செயலிக்கு ஆளாளுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டார்களே, அதில் ஒன்று என்னுடையது. அது விழவேண்டிய இடத்தில் விழுந்தது, ஃபிளிப்கார்ட் விலகியது. அடுத்த பிப்ரவரியில், தளத்துக்குத் தளம் டேட்டா கட்டணம் மாறக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதியே போட்டது. அப்போது உங்களுக்கு எழுதிய கடிதம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது போலும். பரவாயில்லை, அவசரமில்லை.

அப்புறம், 28 நாளை ஒரு மாதம் என்று விற்கிறார்களே, அதைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா? உங்கள் இணையதளமே நாலு வரி காட்டிவிட்டு ‘மீதியைச் செயலியில் படியுங்கள்’ என்று திரை போடுகிறது. ஆயுள் சந்தா கட்டியவனுக்கு இந்த மரியாதை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 என்பதை அடுத்த இதழில் கொட்டை எழுத்தில் போடுங்கள். சுடோகுவுக்கு மேலே போட்டாலும் சரி, எங்கள் வீட்டில் முதலில் திருப்பும் பக்கம் அதுதான்.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்,
கோபிசெட்டிபாளையம்.