மேயரின் அக்கறை தீர்மானத்தில் தெரியட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2022 மார்ச் 4-ஆம் தேதி, 28 வயதில் சென்னை மேயரான பிரியா தலைமை வகிப்பது 200 வார்டுகள் கொண்ட மாநகராட்சி மன்றத்துக்கு. நிர்வாக அதிகாரம் மாநகராட்சி ஆணையரிடம் இருப்பதால், மேயரின் கையில் உள்ள வலுவான கருவிகள் மன்றத் தீர்மானமும் பட்ஜெட்டும்தான்.

மழைநீர் வடிகாலை எடுத்துக்கொள்வோம். தூர்வாரிய சேற்றை மூடியின் ஓரத்திலேயே குவித்துவிட்டால், முதல் மழையிலேயே அது உள்ளே திரும்பிவிடும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே சாலை போட்டாலோ, தண்ணீர் இறங்கும் வாயே புதைந்துபோகும். சேற்றை அன்றன்றே அள்ளாத, சாலையைச் சுரண்டாத ஒப்பந்ததாரருக்குப் பில் கிடையாது என்று பருவமழைக்கு முன்பே மன்றம் தீர்மானம் போட வேண்டும்.

வாசகர்,
பெரம்பூர், சென்னை