மாளிகை மியூசியமாகவில்லை, கதிரேசா

அன்புள்ள கதிரேசா,

நலம்தானே? டர்பனில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருந்தாய். இங்கே மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் எனக்கு மூட்டுவலி, சின்னவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற அலைச்சல், வேறு புதிதாக ஒன்றுமில்லை. கடிதத்தின் கடைசியில் ஒன்று கேட்டாயே, ரெத்வி மாளிகையை மியூசியமாக்கிவிட்டார்களா என்று. இல்லையப்பா, இன்றைக்கும் அது ஜனாதிபதி மாளிகைதான். வழக்கமாக மார்ச்சிலும் அக்டோபரிலும் ஒவ்வொரு நாள் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள், போன மார்ச்சில் நானும் போய் வந்தேன். மெட்ரோ ரயில் இப்போது ரெத்வி வரைக்கும் ஓடுகிறது, அதனால் என் முழங்காலும் சம்மதித்தது. மொக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் நாம் தமிழ் படித்த காலத்தில் அந்த கேட் பக்கம் போனாலே காவலர் முறைப்பார், ஞாபகம் இருக்கிறதா?

1748இல் பிரெஞ்சு கவர்னர் டேவிட் அதைக் கட்டத் தொடங்கியபோது சொன்ன காரணம், எதிரி வந்தால் பெண்களையும் குழந்தைகளையும் பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் விலையுயர்ந்த பொருட்களையும் பத்திரமாக வைக்க ஓர் இடம் வேண்டும் என்பது. வீண் பயம் என்றும் சொல்ல முடியாது. அதே வருடம்தான் ஆங்கிலேயத் தளபதி போஸ்கவன் பெரிய கப்பல் படையோடு வந்து இந்தத் தீவை நோட்டம் விட்டு, இங்கே பருப்பு வேகாது என்று தெரிந்ததும் நேரே போய்ப் புதுச்சேரியை முற்றுகையிட்டான் (ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் வருகிற அதே முற்றுகை, அங்கேயும் வேகவில்லை). ஆனாலும் அந்த அகலமான வராந்தாவில் நின்று, புல்வெளி தாண்டித் தோட்டக் கோடியில் மலையிடுக்கு கிடுகிடுவென்று இறங்குவதைப் பார்த்தபோது, இது ஒளிந்துகொள்ளக் கட்டிய இடம் மாதிரி எனக்குத் தோன்றவே இல்லை. கம்பெனிக் கணக்கில் மனிதர் தனக்கொரு தோட்ட வீடு கட்டிக்கொண்டார், அவ்வளவுதான். பிறகு வந்த கவர்னர்களும் அங்கேயே குடியேறிவிட்டார்கள். 1753இல் வந்த ஒப்ளே என்கிற தாவரவியலாளர், பாம்ப்ளெமூஸில் இருந்த புவாவ்ர் என்கிற இன்னொரு தாவர ஆர்வலருக்குப் போட்டியாக ரெத்வியில் ஒரு தோட்டமே போட்டார். 1810இல் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனதும் அவர்களுடைய கவர்னர்கள் வந்தார்கள், சுதந்திரத்துக்குப் பிறகு கவர்னர் ஜெனரல்கள். நாட்டின் முதல் பிரதமரும் பிறகு கவர்னர் ஜெனரலுமான ராம்கூலம் 1985 டிசம்பரில் காலமானதும் இங்கேதான்.

அப்புறம் நம்ம தமிழர் வீராசாமி ரிங்காடு. 1992 மார்ச் 12ஆம் தேதி நாடு குடியரசானபோது கடைசி கவர்னர் ஜெனரலும் அவர்தான், முதல் ஜனாதிபதியும் அவர்தான், பதவிதான் மாறியதே தவிர வீடு மாறவில்லை. சில மாதம்தான் இருந்தார், இருக்கட்டுமே. 2018இல் இன்னொரு தமிழர் வையாபுரி தற்காலிக ஜனாதிபதியானபோது கோவிலில் நம் ஆட்கள் பேசிக்கொண்டதை நீ கேட்டிருக்க வேண்டும், ஏதோ சொந்த மாமா பதவிக்கு வந்த மாதிரி.

மியூசியம்தான் வேண்டுமென்றால் மாப்பூவில் லபோர்தொனே மாளிகை இருக்கிறது. 1850களில் வீஹே என்கிற கரும்புத் தோட்ட முதலாளி கட்டியது, 2006இலிருந்து நாலு வருடம் பழுதுபார்த்துத் திறந்தார்கள். என் சம்பந்தி வீட்டார் கூட்டிப் போனார்கள். டிக்கெட் வாங்கி, தேக்குப் பலகைத் தரையில் நடந்து, சாப்பாட்டு மேசையைப் பார்த்து, வெளியே வந்தால் ரம் ருசி பார்க்கக் கொடுக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் கரும்பு வெட்டியவர்களின் பேரன் பேத்திகள் காசு கொடுத்து முதலாளி வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பார்ப்பதில் எனக்கு அவ்வளவு ருசி இல்லை. ரெத்வியில் நம்மில் ஒருவர் குடியிருந்திருக்கிறார், கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதை மியூசியமாக்க வேண்டாம், வருடத்துக்கு இரண்டு நாள் என்பதை மாதம் ஒரு நாளாக்கினால் போதும். ஜனாதிபதிக்கு இங்கே அப்படியொன்றும் தலைபோகிற வேலை இல்லையே!

அக்டோபரில் வருகிறாய் என்றால் முன்கூட்டியே எழுது, திறக்கிற தேதியை விசாரித்து வைக்கிறேன். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. வரும்போது அந்த டர்பன் மசாலா இரண்டு பொட்டலம், போன தடவை கொண்டுவந்தது தீர்ந்துவிட்டது.

அன்புடன்,
வேலாயுதம்