பாங்கிக்கு ஒரு கணக்கு, சபாக் பெர்ணத்துக்கு ஒரு கணக்கா?

மலேசியத் தேர்தல் ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், கோலாலம்பூர் செந்தூல் வாக்காளர் ஒருவரின் வணக்கம்.

தீபகற்பத்தின் தொகுதி எல்லைகளை நீங்கள் கடைசியாகத் திருத்தியது 2018இல். அடுத்த முறை வரைபடத்தை விரிக்கும்போது, கோடு போடுவதற்கு முன்பே ஓர் எண்ணை அறிவித்துவிடுங்கள். ஒரு மாநிலத்துக்குள் ஒரு தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து எத்தனை விழுக்காடு விலகலாம்? நான் கேட்பது அவ்வளவுதான்.

2022 பொதுத்தேர்தலில், எங்கள் கம்யூட்டர் ரயில் போகிற பாங்கித் தொகுதியில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். சரவாக்கின் இகானில் 30 ஆயிரம்கூட இல்லை. இகானை விட்டுவிடுகிறேன், அந்த ஊர்களுக்குப் போய்வருவது சிரமம், சரி. ஆனால் சபாக் பெர்ணம்? பாங்கியைப் போல அதுவும் சிலாங்கூர்தானே! அங்கே சுமார் 52 ஆயிரம் பேர். கிட்டத்தட்ட 6 பாங்கிக்காரர்கள் சேர்ந்தால்தான் சபாக் பெர்ணத்தின் ஒரு வாக்குக்குச் சமம். கோத்தா ராஜா, கிள்ளான் இரண்டும் 2 லட்சத்தைத் தாண்டியவை. தோட்டங்களை விட்டு வந்த நம் மக்கள் நிறையப் பேர் குடியேறியதும் அந்தப் பக்கம்தான். இந்தியர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி நாட்டில் ஒன்றுகூட இல்லை. மேடையில் மட்டும் நாங்கள் 'வெற்றியைத் தீர்மானிப்பவர்கள்'.

1957 அரசமைப்பில் இதற்கு ஓர் எண் இருந்தது: 15 விழுக்காடு. 1962இல் கிராமப்புறத் தொகுதி நகரத்தொகுதியில் பாதியளவு இருக்கலாம் என்று தளர்த்தினார்கள். 1973இல் அந்த வரம்பும் போய்விட்டது. இன்று அரசமைப்பின் 13ஆவது அட்டவணை ஏறக்குறையச் சமமாக இருக்கட்டும், கிராமப்புறத்துக்குச் சலுகை கொடுங்கள் என்கிறது. எவ்வளவு என்று சொல்வதில்லை.

எண்ணிக்கையைச் சமமாக்கினாலே நியாயம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நூறு நூறு பேர் கொண்ட 3 தொகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்சிக்கு 55, 55, 10. மற்றதற்கு 45, 45, 90. முதல் கட்சி 120 வாக்கில் 2 இடம் பிடிக்கும், 180 வாக்கு வாங்கியவருக்கு ஒன்றுதான். கோடு எங்கே போகிறது என்பதும் விளையாடும். 2013இல் எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தான் ராக்யாட் 50.87 விழுக்காடு வாக்குடன் 89 இடங்களில் நின்றுவிட, 47.38 விழுக்காடு பெற்ற ஆளும் கூட்டணி பாரிசான் 133 இடங்களுடன் ஆட்சி அமைத்ததற்கு இரண்டுமே காரணம். வாக்கு விகிதப்படியே இடங்களைப் பங்கிடும் விகிதாசார முறை வந்தால்தான் இது முழுதாகத் தீரும். அது நாடாளுமன்றத்தின் வேலை, உங்களுடையது அல்ல.

ஆனால் ஒரு மாநிலத்துக்குள் கோட்டை நகர்த்த அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. சிலாங்கூரின் 22 இடங்கள் 22ஆகவே இருக்கட்டும், அளவை மட்டும் சரிசெய்யுங்கள். 15 கடினம் என்றால் 25 என்றாவது எழுதுங்கள். வரைவை வெளியிடும் அன்றே ஒவ்வொரு தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கையையும் விலகலையும் பக்கத்தில் போடுங்கள். ஆட்சேபம் தெரிவிக்க 100 வாக்காளர்கள் சேர வேண்டும், ஒரே மாதம்தான் அவகாசம். அதற்குள் கணக்கையும் நாங்களே போட வேண்டுமா?

இப்படிக்கு,
செந்தூல் வாக்காளர்