டிஸ்சார்ஜ் சீட்டில் மொத்த டோஸ் வேண்டும்

ஆசிரியருக்கு,

புற்றுநோய் சிகிச்சை முடித்துச் சில ஆண்டுகள் கழித்து மூச்சிரைப்போடு வருபவரிடம் இதய மருத்துவர் முதலில் கேட்பது, ‘என்ன மருந்து ஏற்றினார்கள், மொத்தம் எவ்வளவு?’ என்பதுதான். ‘சிவப்பு மருந்து, நாலு தடவை’ என்பதற்கு மேல் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை. தப்பு அவர்கள் மீது இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் எத்தனை சுற்று என்று இருக்கும், கூட்டுத்தொகை இருக்காது.

அந்தச் சிவப்பு மருந்து டாக்ஸோரூபிசின் அல்லது எபிரூபிசின். இதயத்தசைக்கு வரும் சேதம் வாழ்நாளில் ஏறிய மொத்த அளவைப் பொறுத்தது. டாக்ஸோரூபிசின் உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம் வீதம் நான்கு சுற்று என்றால் 240. மொத்தம் 250 ஆகிவிட்டாலே அதிகக் கண்காணிப்பு தேவை. 400-ஐத் தாண்டினால் ஆபத்து வேகமாக ஏறும். இடது மார்பில் கதிர்வீச்சும் வாங்கியிருந்தால், ரத்தக்குழாய் அடைப்பும் வால்வுக் கோளாறும் பத்து, இருபது ஆண்டு கழித்துக்கூட வரலாம். சில வகை மார்பகப் புற்றுநோய்க்குப் போடும் ட்ராஸ்டுஸுமாப் ஊசியால் வரும் இதய பலவீனம் பெரும்பாலும் மீளக்கூடியது. அதற்கு, ஊசி போடும் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டும்.

எனவே சென்னையில் அரசு, தனியார் என்ற பேதமின்றி எல்லா மருத்துவமனைகளும் சிகிச்சை முடிந்ததும் ஒரே ஒரு தாளில் மருந்தின் பெயர், மொத்த டோஸ், கதிர்வீச்சு எந்தப் பக்கம், எவ்வளவு, முதல் எக்கோவிலும் கடைசி எக்கோவிலும் இருந்த பம்பிங் சதவீதம் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) ஆகியவற்றை எழுதித் தரலாம். நோயாளியும் கேட்டு வாங்கலாம். பழைய எக்கோவைத் தூக்கி எறியக் கூடாது. 65 இருந்தது 55 ஆகியிருந்தாலும் புதிய அறிக்கையில் ‘நார்மல்’ என்றே இருக்கும். பழையது பக்கத்தில் இருந்தால்தான் சரிவு கண்ணில் படும்.

இந்தச் சேதம் கூடினால் வரும் ‘இதயச் செயலிழப்பு’ என்ற சொல்லைக் கேட்டு இதயம் நின்றுவிடும் என்று பயப்படுபவர்கள் அதிகம். உடலுக்கு வேண்டிய அளவு ரத்தத்தைத் தள்ள முடியவில்லை, அதனால் நீர் தேங்குகிறது, அவ்வளவே அதன் பொருள். தேங்கும் நீரை முதலில் காட்டிக்கொடுப்பது எடை மெஷின். காலையில் சிறுநீர் கழித்தபின், காபிக்கு முன், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில் ஏறி நின்று காலண்டரில் குறித்து வைக்கவும். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதை அல்ல, தண்ணீர். அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். கணுக்காலுக்கு மேலே கால் எலும்பின் மீது ஐந்து விநாடி அழுத்தினால் குழி விழுவது, தலையணை ஒன்று கூடுதலாகத் தேவைப்படுவது, படுத்தால் வரும் வறட்டு இருமல் இவையும் அதே கதைதான். இவற்றைக் ‘கீமோ அசதி’ என்றும் சளி என்றும் எண்ணி இருமல் மருந்து குடிப்பதில் மாதக்கணக்கு போய்விடுகிறது.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். நாலு பேர் வீட்டில் மாதம் 600 கிராம் வருகிறது. ஒரு கிலோ பாக்கெட் மாதத்துக்குள் காலியானால் கணக்கு எங்கோ உதைக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். இந்துப்பும் பெரும்பாலும் சோடியமே. ‘சோடியம் குறைந்த உப்பு’ இன்னும் மோசம்: அதில் சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம். இதயச் செயலிழப்புக்குத் தரும் ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் மாத்திரைகளைச் சாப்பிடுபவருக்கு ஏற்கெனவே பொட்டாசியம் ஏறும் போக்கு உண்டு. மேலும் ஏறினால் துடிப்பே தாறுமாறாகும். தினமும் இளநீர் குடிக்கலாமா என்பதையும் இதே காரணத்துக்காக ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் சொல்ல முடியும். குடிக்கும் நீருக்கு மருத்துவர் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் என்று வரம்பு வைத்திருந்தால் ரசமும் மோரும் கஞ்சியும் அதில் அடங்கும். காலையில் பாட்டிலில் அளந்து வைத்து, ஒரு டம்ளர் ரசம் குடித்தால் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளரைக் கொட்டிவிடுவது சுலபமான வழி.

சீரற்ற துடிப்பு இருப்பவர் நாடியை முழுதாக 60 விநாடி எண்ண வேண்டும்; 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகும். பி.பி. மெஷினும் இவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு எண் காட்டும்; மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற வகையில் இதயத்தின் மேலறைகள் சரியாகச் சுருங்காமல் நடுங்குவதால் அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போகலாம். அதற்குத்தான் உறைதடுப்பு மாத்திரை. ஆனால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைவாக இருந்தாலோ, குடலிலோ சிறுநீர்ப்பையிலோ கட்டி இன்னும் இருந்தாலோ அதே மாத்திரையால் ரத்தக்கசிவு வரலாம். புற்றுநோய் மருத்துவரும் இதய மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டியது இது. அந்த உறைதடுப்பு மாத்திரை வார்ஃபரின் என்றால் முருங்கைக்கீரையை நிறுத்த வேண்டாம், வாரந்தோறும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். முட்டிவலிக்குக் கடையில் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் கேட்டு வாங்குவதை விட்டுவிடுங்கள்: நீர் தேங்கும், சிறுநீரகமும் கெடும், உறைதடுப்பு மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தமும் கசியும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல் என்றால் 108தான்.

கத்திரி வெயிலில் கணக்கு தலைகீழாகும். வியர்வையோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்துவிட்டால் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் வழக்கமான நீர் மாத்திரையே பி.பி.யை இறக்கிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அன்றைக்கு எந்த மாத்திரையைக் குறைப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள்.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. செக்கப்புக்குப் பஸ்ஸில் வரும் நாளில் நீர் மாத்திரையை விழுங்காமல் வருபவர்கள், முக்கியமாகப் பெண்கள், ஏராளம். வழியில் கழிப்பறை கிடையாது என்பதே காரணம். அன்று எடையும் பி.பி.யும் தப்பாகக் காட்டும், அதைப் பார்த்து டோஸும் தப்பாகக் கூடும். வீடு திரும்பியபின் சாப்பிடலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம். கேட்டுவிட்டு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, புறநோயாளிகள் வரிசைக்குப் பக்கத்தில் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறையை மருத்துவமனைகள் அமைத்துத் தர வேண்டும்.

இதயநோய்ப் பிரிவுச் செவிலியர் (ஓய்வு),
பெரம்பூர், சென்னை